பீலியில் குளிக்கும்போது எடுத்த வீடியோ: சட்டம் யார் பக்கம்?

வாசகி கேட்டது:

சட்டத்தரணி அக்காவுக்கு,

எனக்கு 23 வயது. ஹற்றன் நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. வீடு டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில். எங்கள் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. அதனால் குளிக்கவும் துவைக்கவும் மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்குத்தான் போவோம். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் நானும் என் தங்கையும் குளித்துக்கொண்டிருந்தபோது, கீழே உள்ள பணிய லயத்துப் பையன் ஒருவன் மேலே தேயிலைக்குள் இருந்து கைப்பேசியில் வீடியோ எடுத்திருக்கிறான். கொழும்பில் வேலை செய்கிறவன், பண்டிகைக்கு வந்திருந்தான். எங்களுக்கு அப்போது தெரியாது. மூன்று நாள் கழித்து அதில் ஒரு துண்டை வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, 25,000 ரூபா தராவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன் என்றான். தன் நண்பர்கள் குழுவில் ஏற்கெனவே போட்டுவிட்டதாகவும் கேள்விப்படுகிறோம்.

அண்ணன் அவனோடு போனில் பேசி, அவன் மிரட்டியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். தோட்டத் தலைவர் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் பயப்படவே இல்லை. "பீலி பொது இடம். பொது இடத்தில் எடுப்பது குற்றமில்லை. எனக்குத் தெரியாமல் என் பேச்சைப் பதிவு செய்ததுதான் குற்றம்" என்கிறான். தலைவர், அவன் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரட்டும், கோயிலுக்கு ஒரு தொகை கட்டட்டும், முடித்துவிடலாம் என்கிறார். அம்மாவும் அதற்குச் சம்மதம். தங்கைக்கு 16 வயது, சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள், பேர் கெட்டுவிடும் என்று அழுகிறார். அண்ணன் அவனை அடிக்கக் கிளம்புகிறார். சட்டத்தில் எனக்கு என்ன உரிமை இருக்கிறது, அக்கா?

சட்டத்தரணியின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவன் அனுப்பியதை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். நீங்களும் தங்கையும் எந்தத் தவறும் செய்யவில்லை. குளிக்கத்தான் போனீர்கள். அந்தப் பையன் சொன்ன இரண்டுமே தவறு. ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால் பொலிஸில் நீங்கள் தடுமாறாமல் பேசலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொது இடம் என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆட்களை மடக்குகிறது. ஹற்றனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில், டெவன் நீர்வீழ்ச்சியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் தெரிகிற இடங்களில் வாகனத்தை நிறுத்தும் பயணிகள், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேட்காமல் எடுப்பது பண்பற்ற செயல். ஆனால் பாதையில் நின்று, யார் கண்ணுக்கும் தெரிகிற காட்சியை எடுத்ததற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க நம் இலங்கையில் சட்டம் இல்லை. அந்த நியாயத்தைத்தான் இவன் பீலிக்கும் நீட்டுகிறான்.

பீலி அப்படிப்பட்ட இடம் அல்ல என்பது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பெண்கள் குளிக்கும் நேரம் வேறு, ஆண்கள் குளிக்கும் நேரம் வேறு. அந்த வழியாக வரவேண்டிய ஆண் பிள்ளை தூரத்திலேயே செருமுவான், அல்லது "ஆள் வருது" என்று குரல் கொடுப்பான். உள்ளே இருந்து பதில் வந்த பிறகே இறங்குவான். நான் சிறுமியாக இருந்தபோது என் தாத்தா பீலிக்கு மேலே உள்ள ஒற்றையடிப் பாதையில் நின்று, தகர வாளியைக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பார். யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு அது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படுகிறது. இடம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அந்த நேரத்தில் அங்கே தன்னை அந்நியர் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் நம்புவதற்கு நியாயம் உண்டு. அவன் குரல் கொடுக்காமல் தேயிலைக்குள் குந்தியிருந்தான் என்பதே, அந்த ஒழுங்கு அவனுக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. வாக்குமூலத்தில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை மணி, அது பெண்கள் குளிக்கும் நேரம், ஆண்கள் குரல் கொடுத்து வருவதே வழக்கம், அவன் இருந்த இடத்துக்கும் பீலிக்கும் எவ்வளவு தூரம், எத்தனை நிரைத் தேயிலைக்குப் பின்னால் இருந்தான் என்பதெல்லாம் வர வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 'அனுமதியின்றிப் பதிவு செய்தல்' என்று ஒரே பெயரில் ஒரு குற்றம் நம் தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. தமிழ்நாட்டு வழக்கறிஞர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "354சி பிரிவில் வழக்குப் போடுங்கள்" என்று வருகிறவர்கள் பலர். அது இந்தியச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட பிரிவு. இந்தியாவிலேயே இப்போது வேறு சட்டத்துக்குள் வேறு இலக்கத்தோடு இருக்கிறது. நம் பொலிஸ் நிலையத்தில் அதைச் சொன்னால் முறைப்பாடுதான் பலவீனப்படும். நம் சட்டம் படம் எடுத்ததோடு நிற்காமல், எந்த நோக்கத்தோடு எடுத்தான், யாருக்குக் காட்டினான், அதை வைத்து என்ன கேட்டான் என்று பார்க்கிறது. இவன் இந்த மூன்றிலும் மாட்டியிருக்கிறான்.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைப் பற்றியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. தொட்டால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சொற்களாலோ செயலாலோ பாலியல் ரீதியான தொந்தரவு கொடுத்தாலும் அந்தப் பிரிவுக்குள் வரும். ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். குளிக்கும் காட்சியை ஒளிந்திருந்து எடுத்து, அதை அந்தப் பெண்ணுக்கே அனுப்பிய செயல் இந்தப் பிரிவுக்குள் வரும் என்பதே என் வாதமாக இருக்கும்.

அடுத்தது, 2024 பெப்ரவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது இணையத்தில் நடக்கும் குற்றங்களுக்கான சட்டம். அந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கக்கூடியது என்ற விமர்சனம் உண்டு. அதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒருவரைத் தொந்தரவு செய்யும் எண்ணத்தோடு அவருடைய தனிப்பட்ட தகவலை இணையத்தில் வெளியிடுவதைக் குற்றமாக்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. தனிப்பட்ட தகவல் என்பதற்குள், ஒருவர் அந்தரங்கமாக இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய படம், ஒலி, வீடியோ எல்லாம் அடங்கும். அங்கே எழும் கேள்வி உங்கள் எதிர்பார்ப்பைப் பற்றியது. இடம் பொதுவா, தனியாரா என்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. பீலி ஒழுங்கைப் பற்றி இவ்வளவு எழுதியது அதனால்தான்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் விஷயம். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. தங்கைக்கு 16 வயது. 18 வயதுக்குட்பட்டவர் சட்டத்தின் கண்ணில் சிறுவர். ஒரு சிறுவரின் அநாகரிகமான படத்தையோ வீடியோவையோ எடுப்பதும், பிறருக்குக் காட்டுவதும், பரப்புவதும் 286அ பிரிவின்படி குற்றம். தண்டனை இரண்டு ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறை. அந்த வீடியோ அநாகரிகமானதா என்பதை அதில் இருப்பதைப் பார்த்து நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆனால் அதில் தங்கையும் இருக்கிறாள் என்ற நொடியிலிருந்து இது இரண்டு குடும்பத்துக்கு இடையிலான பிணக்காக இருக்க முடியாது.

இதனால் உங்கள் வீட்டாருக்கும் ஓர் எச்சரிக்கை. "பாருங்கள், என்ன செய்திருக்கிறான்" என்று அந்தத் துண்டை மாமாவுக்கோ, தலைவருக்கோ, கொழும்பில் இருக்கும் உறவுக்காரருக்கோ யாரும் அனுப்பக்கூடாது. கோபத்தில் அனுப்பினாலும் பரப்புவது பரப்புவதுதான். எந்தப் போனுக்கு வந்ததோ அந்தப் போனிலேயே இருக்கட்டும். பொலிஸிடம் காட்டும் வரை வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவன் அனுப்பிய இலக்கம், திகதி, நேரம், பணம் கேட்ட வரிகள் எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். அந்த உரையாடலை அழிக்கவும் வேண்டாம், அவனைத் தடை செய்யவும் அவசரப்பட வேண்டாம். நண்பர்கள் குழுவில் பார்த்த பையன்களில் ஒருவனாவது உங்கள் குடும்பத்தின் மீது மரியாதை உள்ளவனாக இருப்பான். அவன் சாட்சி சொல்ல முன்வருவானா என்று அண்ணன் மெதுவாகக் கேட்டுப் பார்க்கட்டும்.

பணம் கேட்டது தனிக் குற்றம். அச்சுறுத்திப் பணம் பறித்தல் 372ஆம் பிரிவில் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் பணம் கொடுக்கவில்லை என்பதால் அவன் தப்ப முடியாது. முயற்சியும் குற்றமே. குற்றவியல் அச்சுறுத்தலுக்கு 486ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு பெண்ணின் நடத்தைக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை சிறைக்கு அதில் இடமுண்டு.

அண்ணனின் பதிவைப் பற்றி அந்தப் பையன் அவ்வளவு துணிச்சலாகப் பேசியிருக்கிறானே, அது வெறும் மிரட்டல். ஒருவர் தான் கலந்துகொண்ட உரையாடலைத் தானே பதிவு செய்வதை நம் நாட்டில் எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தடுப்பது, இரண்டு பேர் பேசுவதை மூன்றாவது ஆள் குறுக்கே புகுந்து ஒட்டுக்கேட்பதை. அண்ணன் மூன்றாவது ஆள் அல்ல. அந்த அழைப்பில் மிரட்டப்பட்டவர் அவர். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இப்படியான பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழி செய்கிறது. கருவி சரியாக வேலை செய்திருக்க வேண்டும், பதிவில் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. இவை முக்கியமான நிபந்தனைகள். விசாரணைத் திகதிக்கு 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவும் வேண்டும். அந்த அறிவித்தலை வழக்கு நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கை வைக்காமல் காப்பது உங்கள் பொறுப்பு. "தேவையானதை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்" என்று ஒரு துண்டைக் கொண்டுவந்து, அசல் போனை விற்றுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் தன் மரியாதையற்ற சொற்கள் அதில் இருக்கின்றனவே என்று வெட்கப்பட்டு முன்பகுதியை நீக்க நினைக்கலாம். நீக்க வேண்டாம். கோபப்பட்ட அண்ணனை நீதவான் புரிந்துகொள்வார். வெட்டப்பட்ட பதிவை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார். அந்தப் போனை மாற்றவோ, திருத்தக் கொடுக்கவோ இப்போது வேண்டாம்.

பொலிஸ் நிலையத்தில் என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் அம்மாவின் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். பெண்கள், சிறுவர் பிரிவில் பெண் அதிகாரி ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தங்கையின் வாக்குமூலத்தின்போது அம்மா பக்கத்தில் இருக்கட்டும். தமிழில் பேசுங்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு உங்களுக்குத் தந்திருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் அதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகளைப் படம் எடுத்தவனுக்கு எதிராகக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி கையில் இருந்தது. நான்காக மடித்து, கொழுந்துக் கறை படிந்த விரல்களால் பல தடவை திறந்து பார்த்த தாள். சிங்களத்தில் எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. "அவன் படம் எடுத்ததை நான் பார்த்துவிட்டேன்" என்று அவர் சொன்னதாக என்னிடம் சொன்னார். தாளில் "அவன் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்ற பொருள்பட இருந்தது. எழுதியவர் வேண்டுமென்று செய்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அரைகுறைத் தமிழில் கேட்டு அவசரத்தில் எழுதியது. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்தீர்களே, ஏன் தடுக்கவில்லை, அப்படியானால் சம்மதம்தானே என்று கேட்டார்கள். அந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்த எங்களுக்கு ஏழு தவணை போனது. அந்தத் தாய் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழந்தார்.

ஆகவே சொன்னதை எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டுவது பொலிஸாரின் சட்டக் கடமை. புரியாத மொழியில் இருந்தால் மொழிபெயர்த்துச் சொன்ன பின்பே கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மேலதிகாரியான உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் (ஏ.எஸ்.பி.) எழுத்தில் கொடுக்கலாம். தங்கைக்காக 1929க்கும், உங்களுக்காக 1938க்கும் அழைக்கலாம். முன்னையது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, பின்னையது பெண்களுக்கான உதவி இலக்கம். அதுவும் சரிவராவிட்டால் ஒரு சட்டத்தரணி மூலம் நேரடியாக நீதவானிடமே முறைப்பாடு செய்யலாம். கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள்.

தலைவரைப் பற்றி மரியாதையோடுதான் எழுதுகிறேன். சம்பளப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை, தோட்ட நிர்வாகியான துரையோடு வருகிற வழக்கு என்று தோட்டத் தலைவர்கள் இல்லாவிட்டால் நம் ஆட்கள் பாதி நியாயத்தை இழந்திருப்பார்கள். ஆனால் ஒரு சிறுமிக்கு எதிரான குற்றத்தைக் கோயில் வாசலில் பேசி முடிக்க அவருக்கும் அதிகாரம் இல்லை, உங்கள் அம்மாவுக்கும் இல்லை. மன்னிப்புக் கடிதம் அவன் போனில் இருக்கும் வீடியோவை அழிக்காது. பண்டிகை முடிந்து அவன் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டால், அந்த வீடியோவும் அவனோடு போகிறது. பொலிஸார் அந்தப் போனைக் கைப்பற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முறைப்பாடு வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். தலைவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி, அவரையே பொலிஸ் நிலையத்துக்குத் துணைக்கு அழையுங்கள். அவர் முன்னிலையில் அந்தப் பையன் தான் எடுத்ததை ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறான். அவர் நல்ல சாட்சி.

அண்ணன் கை வைத்தால் நாளைக்கு வழக்கில் முதலாம் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், அவர்தான். அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு முறைப்பாடு கொடுப்பான், இரண்டு வழக்கையும் சேர்த்துச் சமரசம் பேசுவார்கள், உங்கள் வழக்கு அதில் கரைந்துவிடும். இப்படிக் கரைந்த வழக்குகள் எனக்கு நினைவிருக்கின்றன. அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தப் பதிவைக் காப்பாற்றுவதில் அவர் அதைக் காட்டட்டும்.

பேர் கெட்டுவிடும் என்று அம்மா அழுவதற்கும் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. 345ஆம் பிரிவு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ அனுமதியின்றி வெளியிடுவதே 365இ பிரிவின்படி குற்றம். பத்திரிகையும் போட முடியாது, பேஸ்புக்கிலும் போட முடியாது. முறைப்பாடு செய்ததற்காக உங்களை யாராவது மிரட்டினால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிறது. லயத்தில் நான்கு பேர் பேசத்தான் செய்வார்கள், அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். முறைப்பாடு கொடுத்த பிறகு பேச்சு அவனைப் பற்றித் திரும்பும்.

நட்டஈட்டுக்காகத் தனியே சிவில் வழக்கும் போடலாம். நம் நாட்டில் உரோமன் டச்சுச் சட்டம் ஒருவரின் மானத்துக்குச் செய்யும் கேட்டை நட்டஈடு கொடுக்க வேண்டிய தவறாகக் கொள்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இப்போது அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அடிப்படை உரிமை மனு இவனுக்கு எதிராகப் போட முடியாது. அது அரச அதிகாரத்தின் செயலுக்கு எதிரானது. ஆனால் நீங்கள் ஒப்படைத்த வீடியோ பொலிஸ் நிலையத்திலிருந்தே வெளியே கசிந்தால், அப்போது உயர் நீதிமன்றம் போகும் வழி திறக்கும். அதற்கு ஒரு மாதக் கெடுதான் உண்டு என்பதால், அப்படி ஏதும் நடந்தால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.

நாளைக் காலையிலேயே போங்கள். கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, அம்மாவையும் தங்கையையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு போன்களையும் முழுச் சார்ஜோடு எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸார் ஒரு போனை வாங்கி வைத்துக்கொண்டால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தங்கையின் பரீட்சை அட்டவணையையும் கொண்டுபோய், அந்த நாட்களில் அவளை அழைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். இந்த வழக்கில் அவளுடைய வயதை நிரூபிக்கப்போவது அந்தத் தாள்தான். பிரதியைக் கொடுத்துவிட்டு அசலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.